வீட்டுக்கு ஒரு கை

பெப்ரவரி 9, ஞாயிறு

காலையில் பனி. ரிவர்ஸ்டன் பக்கம் மலையே தெரியவில்லை. மிளகு காயப்போட்டேன், எடுத்தேன், மறுபடி போட்டேன், மறுபடி எடுத்தேன். வெயில் ஏமாற்று வேலை. பிரஷர் குளிசை போட்டாச்சு. ஒரு கோழி அடைகாக்கிறது.

பீலிக்கரையில் கேட்ட செய்தி: தலைவர் செல்லையா பதவியை விடுகிறார். முழங்கால் வலியாம். நம் தேயிலைத் தோட்டத்துச் சங்கத்துக்கு முதலில் அவர் அப்பா தலைவர். பிறகு அவர். இனி மகன் முருகேசு வரப்போகிறானாம். தலைவர் பதவி என்ன அவர்கள் வீட்டு ஆட்டுக்கல்லா, அப்பனிடமிருந்து மகனுக்குப் போக?

வியாழக்கிழமை கோயில் முற்றத்தில் கூட்டம். மூன்று மணிக்கு. ஆண்கள் ஒரு மணிக்கே வேலை முடித்து இறங்கிவிடுவார்கள். பெண்கள் அந்தியில் கொழுந்து நிறுவை வரை மலையில். எப்போதும் இந்த நேரம்தான் வைப்பார்கள். புருஷன் கை தூக்குவான், பெண்டாட்டிக்கும் சேர்த்து. 'வீட்டுக்கு ஒரு கை' என்று அதற்குப் பேர். சந்தா மட்டும் இரண்டு பேர் சம்பளத்திலும் வெட்டுவார்கள்.

மருமகள் புஷ்பம் துணி அலசிக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்.

"மாமி, இந்தத் தடவ பொம்பளைங்க பக்கமிருந்து ஒரு ஆள் நிக்குது."

எனக்குச் சந்தோஷம். யாரென்று கேட்டேன்.

"கலைச்செல்வி."

"எந்தக் கலைச்செல்வி?"

"நம்ம தோட்டத்துல எத்தன கலைச்செல்வி இருக்கு மாமி? ராசம்மா அக்கா மக."

ராசம்மா மகள்! வாளியை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

இதை யாரும் படிக்கப்போவதில்லை. அதனால் பேர் போட்டே எழுதுகிறேன். நான் மறக்காதவை:

1. என் மகன் செல்வம் அப்போது கைக்குழந்தை. பால் கொடுக்க, பிள்ளைகளை விட்டுவரும் பிள்ளைக்காம்பராவுக்கு இறங்க விடமாட்டார்கள். மார் கல்லாகும். சட்டை நனையும். கங்காணி பார்த்துச் சிரிப்பான். பிள்ளைக்காரிகள் எல்லாரும் கூடையைக் கவிழ்த்துவிட்டு ரோட்டில் உட்கார்ந்தோம். முதலில் உட்கார்ந்தது நான். மறுநாள் காலை ராசம்மா கூடையை எடுத்துக்கொண்டு எங்களைத் தாண்டி மலையேறினாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

2. தோட்டத்தை நடத்துகிற துரை இறங்கிவந்தார். பால் நேரம் கிடைத்தது. மாலை விழுந்தது யாருக்கு? செல்லையாவுக்கு. அந்த நாளெல்லாம் அவர் ரத்தோட்டையில் மச்சான் வீட்டில் ஒளிந்திருந்தார்.

3. கிடைத்த பால் நேரத்துக்கு முதல் ஆளாக இறங்கி ஓடியது யார்? அதே ராசம்மா. இந்தக் கலைச்செல்விக்குப் பால் கொடுக்க!

அன்றிலிருந்து அவளோடு பேச்சில்லை. கல்யாண வீட்டிலும் இல்லை, சாவு வீட்டிலும் இல்லை. அவள் புருஷன் செத்தபோதுகூடப் போய் உட்கார்ந்து அழுதேன், பேசவில்லை.

மிளகு நனைந்துவிட்டது.

பெப்ரவரி 10, திங்கள்

தூறல். புஷ்பம் (இனி பு.) வேலைக்குப் போகவில்லை. குளிர் காய்ச்சல், அடிவயிற்று வலி, ஒன்றுக்குப் போனால் எரிச்சல். இது வருவதும் போவதுமாகவே இருக்கிறது. பஸ் பிடித்து ரத்தோட்டை ஆஸ்பத்திரி.

டாக்டர் நோனா சின்ன வயது. "வத்துர பொன்ட ஓனே" என்று சத்தம் போட்டாள். தண்ணீர் குடிக்கத்தான் வேண்டுமாம். பு. தலையைக் குனிந்துகொண்டாள். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் நானே சொல்லிவிட்டேன். மேல்மலையில் கக்கூஸ் இல்லை நோனா. பகல் முழுக்க ஒதுங்க இடமில்லை. செடிக்குள் உட்கார்ந்தால் அட்டை. எழுந்து பார்த்தால் மருந்தடிக்கிற ஆண்கள். அதனால் காலையிலிருந்து இவர்கள் தண்ணீரே குடிப்பதில்லை.

நோனா பேனையைக் கீழே வைத்துவிட்டாள். ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டாள்.

சொன்னோமே. போன வருடம் செல்லையாவிடம் சொன்னோம். "இதெல்லாம் தொரகிட்ட எப்பிடி வாயத் தொறந்து சொல்றது, எனக்கே வெக்கமா இருக்கு" என்றார். வெட்கம் அவருக்கு. எரிச்சல் பு.வுக்கு.

திரும்பும்போது பஸ்ஸில் பு. சொன்னாள்: "கலைச்செல்வி வெக்கப்படாது மாமி."

நான் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வாங்கியது: சவர்க்காரம், கருவாடு, தேங்காய் எண்ணெய். குடையை பஸ்ஸில் விட்டாச்சு. போகட்டும்.

அந்தியில் செல்வம் வந்தான். கூட்டத்தைப் பற்றிக் கேட்டேன்.

"முருகேசுதான்மா. என்கூடப் படிச்சவன். பொம்பளைய நிப்பாட்டினா மத்தத் தோட்டத்துக்காரன் சிரிப்பான்."

"ஒம் பொண்டாட்டி காய்ச்சல்ல கெடக்கா."

"அதுக்கும் இதுக்கும் என்னாம்மா?"

சோற்றை அவன் முன்னால் வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். கருவாட்டை வைக்கவில்லை.

பெப்ரவரி 12, புதன், போயா

பௌர்ணமி, வேலை இல்லாத நாள். நல்ல வெயில். மிளகு வாசலில்.

வந்தாள். கலைச்செல்விதான். (இனி க. என்று போடுகிறேன், பேர் நீளம்.) படியேறாமல் நின்றாள். ராசம்மாவின் அதே மூக்கு.

"பெரியம்மா, உள்ள வரலாமா?"

"அங்கேயே நில்லு."

"நிக்கிறேன். நாளைக்கும் நிக்கத்தானே போறேன். பழகிக்கிறேன்."

வாயைப் பார்! சிரிப்பு வந்தது. சிரிக்கவில்லை.

விஷயம் இதுதான். எங்கள் மேட்டு லயத்து வரிசை வீட்டுப் பெண்கள் என் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நான் வரச்சொன்னால் வருவார்கள். நான் முகத்தைத் திருப்பினால் மலையிலேயே இருந்துவிடுவார்கள்.

"ஒங்கம்மா என்ன செஞ்சானு தெரியுமா?" என்றேன்.

"தெரியும். பிள்ளைக்காரிங்க ரோட்ல ஒக்காந்திருக்க, தாண்டிப் போச்சு. தோட்டத்துல யாருக்குத்தான் தெரியாது, நீங்கதானே இத்தன வருஷமா சொல்றீங்க."

"ஏன் போனானு கேட்டியா?"

"கேட்டேன். சொல்ல மாட்டேங்குது. நான் அதுக்கு வக்காலத்து வாங்க வரல பெரியம்மா. மேல்மலைக்குக் கக்கூஸ் வேணும். அத தொர மூஞ்சிக்கு நேரா கேக்க ஒரு ஆள் வேணும். என்னயவிட வேற யாராச்சும் இருந்தா சொல்லுங்க, நான் வெலகிக்கிறேன்."

யோசித்தேன். லயம் லயமாக, முகம் முகமாக. ஒருத்தி நல்லவள், வாய் இல்லை. ஒருத்திக்கு வாய் உண்டு, புருஷன் விடமாட்டான். நான் நிற்கலாம் என்றால் எனக்கு வயதாகி, வேலையிலிருந்து பேர் வெட்டி எத்தனையோ வருடமாச்சு. கை தூக்கக்கூட உரிமை கிடையாது.

"மூணு மணிக்கு மலையில நிக்கிறவளுங்க எப்பிடி வருவாளுங்க? வேலைய விட்டு எறங்கினா அரப் பேர்தானே போடுவான், பாதிச் சம்பளம்."

அப்போது சொன்னாள் பார், ஒரு யோசனை. கொழுந்தோடு இறங்குவது! கூடையைக் கழற்றாமல், கயிறு நெற்றியிலேயே இருக்க, நேரே கோயில் முற்றத்துக்கு. வேலையை விட்டுவிட்டு வந்தார்கள் என்று யாரும் சொல்ல முடியாது. கொழுந்து முதுகில் இருக்கிறது. நிறுக்கக் கொண்டுவந்தோம், வழியில் கூட்டம் நடந்தது, நின்றோம்.

இப்படி ஒரு மூளை அந்த வீட்டில் எப்படி வந்தது?

"சரி, தலைவியா வா. ஒங்கம்மா மட்டும் எம் படி மிதிக்கக் கூடாது."

"அது ஒங்க ரெண்டு பேரு விஷயம்" என்றாள். போகும்போது மிளகை மிதிக்காமல் சுற்றிப் போனாள். கவனித்தேன்.

பிறகு மேட்டு லயம் முழுக்க ஏறி இறங்கினேன். கதவு கதவாக ஒரே பேச்சு: நாளைக்குக் கூடையோட வாங்கடி.

"ராசம்மா மகளுக்கா கெழவி? நீயா சொல்ற?" என்று ஒருத்தி வாயில் கை வைத்தாள்.

"கக்கூஸுக்குடி" என்றேன்.

அடுத்த காம்பராவிலும் சிரிப்புக் கேட்டது.

பெப்ரவரி 13, வியாழன்

எழுத உட்கார முடியவில்லை. எழுதாமல் இருக்கவும் முடியவில்லை. ஒழுங்காக, முதலிலிருந்து.

நல்ல காற்று. நேரத்தோடு போய்க் கோயில் படியில் உட்கார்ந்துவிட்டேன். படுத்துக்க என்றேன், கேட்காமல் பு.வும் சுவட்டரைப் போட்டுக்கொண்டு வந்தாள். ஆண்கள் எல்லாம் குளித்துத் தலைசீவி வந்திருந்தார்கள். மாத்தளையிலிருந்து சங்கத்து ஐயா ஒருவர், வெள்ளைச் சட்டை. முருகேசுவுக்குப் புதுச் சட்டை, கடை மடிப்புக்கூடக் கலையவில்லை. செல்லையா மாலையைத் தட்டில் தயாராக வைத்திருந்தார். முடிவு தெரிந்த மாதிரி.

"தொடங்கலாமுங்க" என்றார் செல்லையா. "பொம்பளைங்க மலையில இருக்காங்க. வீட்டுக்கு ஒரு கை, அதான் நம்ம வழக்கம்..."

அப்போது மேல் ரோட்டுத் திருப்பத்தில் ஒரு கூடை தெரிந்தது. பிறகு இன்னொன்று. பிறகு கூடை கூடையாக, ரோடு முழுக்க. முன்னால் க. பின்னால் கணக்குப்பிள்ளை ஓடிவருகிறார்.

"ஏய், எங்க போறீங்க! லொறி நிக்குது! கொழுந்து அவிஞ்சிரும்!"

"அப்பக் கூட்டத்தச் சீக்கிரம் முடிக்கச் சொல்லுங்க ஐயா" என்றாள் க., நடையை நிறுத்தாமல்.

எழுந்து நின்று கை தட்டினேன். கிழவிக்கென்ன வெட்கம்.

செல்லையா தடுத்துப் பார்த்தார். சங்கத்து ஐயா கேட்டார், இவங்க எல்லாரும் சந்தா கட்டுறவங்கதானே? ஆமாம். அப்ப எல்லாருக்கும் கை உண்டு, வீட்டுக் கணக்கு சங்கத்துல இல்ல. அவ்வளவுதான். இத்தனை வருடமாக இதைச் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. எனக்கு வந்த கோபத்துக்கு அந்தத் தட்டைப் பிடுங்கி எறிந்திருப்பேன்.

முருகேசு நிறையப் பேசினான். அப்பா, தாத்தா, தோட்டத்து மானம். க.வுக்கு முறை வந்தது.

"எனக்குப் பேச்சு வராது. மேல்மலையில எங்களுக்குக் கக்கூஸ் இல்ல. விடிஞ்சதுல இருந்து அந்தி வரைக்கும் ஒன்னுக்கு அடக்கிக்கிட்டுத்தான் கொழுந்தெடுக்கிறோம். தண்ணி குடிக்கிறதில்ல. பாதிப் பேருக்கு நோவு. அத தொரகிட்ட நான் கேப்பேன். அதுக்குத்தான் நிக்கிறேன்."

அந்த வார்த்தையை அத்தனை ஆண்கள் நடுவில் உரக்கச் சொன்னாள். பாதிப் பேர் நிலத்தைப் பார்த்தார்கள். ஒருவன் சிரித்தான். எவன் என்று எனக்குத் தெரியும்.

அடுத்து நடந்தது கூத்து. முருகேசுவுக்கு யார்? தூக்கினார்கள். க.வுக்கு யார்? தூக்கினார்கள், இரண்டு கையையும்! கொழுந்து கிள்ளிப் பழகிய கைகள். ஒன்று போனால் மற்றது கூடவே போகும். ஒற்றைக் கையால் கிள்ளினால் கங்காணி திட்டுவான், திட்டித் திட்டிப் பழக்கிய கை.

"பாத்தீங்களா ஐயா, கள்ள ஓட்டு! ஒருத்திக்கு ரெண்டு கை!" செல்லையா முழங்காலை மறந்து குதிக்கிறார்.

"ஒத்தக் கைய எறக்குங்கடி!" என்று நான் கத்தினேன். பாதிப் பேர் இரண்டையும் இறக்கிவிட்டார்கள். ஐயா எண்ணினார், குழம்பினார், மறுபடி எண்ணினார். லொறிக்காரன் ஹோர்ன் அடிக்கிறான். கணக்குப்பிள்ளை தலையில் கை வைத்துக்கொண்டு நிற்கிறார்.

கடைசியில் ஐயா சொன்னார்: "கை வேணாம். ஆளாவே நில்லுங்க. முருகேசுவுக்குக் கோயில் பக்கம். கலைச்செல்விக்கு அந்தா, பலாமரத்தடி."



கை தூக்கினால் கூட்டத்துக்குள் ஒளிந்துகொள்ளலாம். இது அப்படியில்லை. புருஷன் கோயில் பக்கம் நிற்கிறான். பெண்டாட்டி முற்றத்தைத் தாண்டி எதிர்ப் பக்கம் நடக்க வேண்டும், எல்லாரும் பார்க்க. பிறகு வீட்டுக்குப் போய் அதே காம்பராவில் அவனுக்குச் சோறு போட வேண்டும். க. மட்டும் மரத்தடியில் போய் நின்றாள். தனியாக. ஒருத்தியும் அசையவில்லை. வாங்கடி என்று சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. எனக்கா? எனக்கே வரவில்லை.

பு. எழுந்தாள்.

செல்வம் கோயில் தூணில் சாய்ந்து நின்றான். அவன் முன்னால்தான் போக வேண்டும்.

"எங்க போற?" என்றான், பல்லைக் கடித்துக்கொண்டு.

"மரத்தடிக்கு."

"ஒடம்பு சரியில்லல்ல, ஒக்காரு."

"ஒடம்பு சரியில்லாததுனாலதான் போறேன்."

போனாள். அந்த முற்றம் இவ்வளவு பெரிது என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. பாதி போயிருப்பாள், ஒரு கூடை அசைந்தது. அதன் பின்னால் ஒன்று. ஒருத்தி நடந்தால் பின்னால் வரிசை கட்டித்தானே பழக்கம், நிறுவைக்குப் போகிற மாதிரியே போனார்கள். தலை குனிந்து சிலர். தலை நிமிர்ந்து சிலர். ஒருத்தி புருஷனைப் பார்த்து நாக்கைக் கடித்துவிட்டுப் போனாள். ஆண்களிலும் இரண்டு மூன்று பேர் போனார்கள், அவர்கள் பேரும் ஞாபகம் இருக்கும், நல்ல விதமாக.

எண்ணத் தேவையே இல்லை. ஐயா பேனையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

செல்லையா மாலையைத் தட்டோடு கோயிலுக்குள் கொண்டுபோனார். மாரியம்மாவுக்குப் போட்டாராம். அவளும் பொம்பளைதானே, போகட்டும்.

க. தலைவியானதும் பேசிய முதல் பேச்சு கணக்குப்பிள்ளையிடம்: "நிறுங்க ஐயா, கொழுந்து சூடாவுது."

செல்வம் கடைசிவரை கோயில் பக்கமே நின்றான். இவனுக்குப் பால் கொடுக்கத்தான் நான் ரோட்டில் உட்கார்ந்தேன். மறக்காதவை, 4: என் மகன்.

பெப்ரவரி 14, வெள்ளி

தூக்கமே இல்லை, ஆனால் களைப்பும் இல்லை. வீட்டில் செல்வம் பேசவில்லை. பு.வும் பேசவில்லை. நான் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசினேன். காய்ச்சல் விட்டிருக்கிறது.

க. வேலைக்கு முன்னால் ஆபீசுக்குப் போய்த் துரையைப் பார்த்தாளாம். கூடப் போனவள் வந்து நடித்தே காட்டினாள். துரை, என்ன விஷயம் என்றாராம். இவள் சொன்னாளாம். துரை இருமினாராம். மேசையில் இருந்த பேப்பரை அடுக்கினாராம். "இத யாரும் எங்கிட்ட சொன்னதே இல்லையே" என்றாராம்! செல்லையாவின் வெட்கத்தால் எத்தனை பெண்கள் ஆஸ்பத்திரி பார்த்தார்கள்! கட்டடம் கட்ட மேலிடத்தில் கேட்க வேண்டும், நாளாகும் என்றாராம்.

"எடத்தக் காட்டுங்க தொர. தகரம் எங்ககிட்ட இருக்கு. நீங்க கட்டுறப்ப கட்டுங்க."

சரி என்று சொல்லிவிட்டாராம்! மேல் ரோட்டுத் திருப்பத்துக்கு உள்பக்கம், சவுக்கு மரத்துக்குக் கீழே. ஞாயிற்றுக்கிழமையே போட்டுவிட வேண்டும் என்கிறாள் க. துரை மனம் மாறுவதற்குள்.

லயத்தில் சேர்ந்தவை: தகரம் (ஓட்டை உள்ளதும் இல்லாததும்), மூங்கில், ஆணி ஒரு தகரப்பேணி நிறைய, பழைய படங்குத் துணி, உடைந்த கதவு, கீல் இரண்டு, வாளி. என் பங்கு கோழிக்கூட்டுத் தகரம். கோழி இனி எங்கேயாவது அடைகாக்கட்டும்.

பெப்ரவரி 16, ஞாயிறு

வெயிலும் காற்றும். விடியக் கண் திறந்தால் செல்வத்தைக் காணோம். அலவாங்கும் மண்வெட்டியும் இல்லை. மேல்மலைக்குப் போய்ப் பார்த்தால் இடுப்பளவு குழிக்குள் நிற்கிறான். யாரும் அவனைக் கூப்பிடவில்லையாம், தானாக வந்தானாம். பு. பக்கத்தில் நின்று மண்ணை இழுத்துப் போடுகிறாள். இரண்டு பேரும் இன்னும் பேசவில்லை, ஆனால் அவள் அவனுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். நாலாம் நம்பரை நான் வெட்டவில்லை. குழி முடியட்டும், பார்க்கலாம்.

பேர் வெட்டிய பிறகு நான் மேல்மலை ஏறியது இன்றைக்குத்தான். வழியில் மூன்று இடத்தில் உட்கார்ந்தேன் என்று பு. சொல்கிறாள். பொய். இரண்டு.

க. பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மூங்கிலில் ஏறி ஆணி அடிக்கிறாள். ஆண்கள் சிலர் ரோட்டில் நின்று புத்தி சொன்னார்கள். "புத்திய அங்க வச்சிட்டு, கைய மட்டும் கொண்டாங்க" என்றாள். இரண்டு பேர் வந்தார்கள்.

கூரைத் தகரம் தூக்கும்போது காற்று பிடுங்கியது. ஒரு முனையை ஓடிப்போய்ப் பிடித்தேன். மறு முனையைப் பிடித்திருந்தது ராசம்மா. எப்போது ஏறிவந்தாள் தெரியாது. நரைத்துப் போயிருந்தாள். அவள் முனையை அவள் பிடித்தாள், என் முனையை நான் பிடித்தேன். க. ஆணி அடித்து முடிக்கும்வரை விடவில்லை, இரண்டு பேரும். பேசவும் இல்லை.

பகலுக்குள் முடிந்துவிட்டது. கதவு சாத்துகிறது. உள்ளே தாழ்ப்பாள்! உள்ளே! எல்லாரும் ஆளுக்கொரு முறை போட்டுப் பார்த்தார்கள்.

அடுத்து, யார் முதலில் போவது என்று சண்டை.

"தலைவிதான் போகணும்."

"எனக்கு இப்ப வரல" என்றாள் க.

"கெழவி போகட்டும், மூத்தவ."

"நான் வீட்லயே முடிச்சிட்டுத்தாண்டி வந்தேன்."

"தள்ளுங்க எல்லாரும்" என்று பு. வந்தாள். காலையிலிருந்து போத்தல் போத்தலாகத் தண்ணீர் குடித்திருந்தாள், டாக்டர் நோனா சொன்னபடி. உள்ளே போனாள். தாழ்ப்பாள் விழுந்த சத்தம் கேட்டது.

வெளியே அத்தனை பேரும் சிரிக்கிறோம். அடக்க அடக்கச் சிரிப்பு. சிலருக்குக் கண்ணில் தண்ணீர்.

உள்ளேயிருந்து பு. கத்தினாள்: "சிரிச்சா வரமாட்டேங்குது, பேசாம நில்லுங்க!"

எல்லாரும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றோம். ராசம்மாவும்.